உறை மாறிய கட்டடம்

கில்மாவேயில் வருடத்துக்கு இருநூறு நாள் மழை.
மற்ற நாட்களில்
மழை வரப்போவதைப் பற்றிப் பேசுவோம்.
இந்த ஊர் நகராட்சிக்கு
மொட்டைக் கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம்.
ஒரு சொட்டையும் எதிர்பாராத முகத்தோடு
கட்டி முடித்தார்கள்.

தலைநகரில் யாரோ ஓர் எழுத்தர்,
பசியோ, காதலோ, பல்வலியோ,
இரண்டு வரைபடங்களை உறை மாற்றிப் போட்டுவிட்டார்.
பாலைவனத்து வெடியுப்பு ஊர் சாந்தா ரோசெந்தாவுடையது
சிலேயின் நீளம் முழுக்க இறங்கி எங்களுக்கு வந்தது.
எங்களுடையது அங்கே ஏறிப் போனது:
செங்குத்துக் கூரை,
ஓரமெல்லாம் துத்தநாக மழைக்கால்வாய்.

மேயர் எலெயுத்தேரியோ பாரியா
படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாராம்.
திருப்பி அனுப்பினால் பணமும் திரும்பிப் போகும்.
"கட்டுங்கள்" என்றார்.
திறப்பு விழாப் புகைப்படத்தில்
பதினொரு கனவான்கள், பதினொரு குடைகள்,
எல்லோரும் கூரைக்குக் கீழே.

நான் இங்கே ஈரத்தாள் பிரிப்பவள்.
எலும்புக் கத்தி, மையொற்றுத் தாள்,
நாளுக்கு நாற்பது பக்கம்.
சபைக் குறிப்பேடுகள் வெல்லக்கட்டியாய் ஒட்டிக் கிடக்கின்றன.
ஒரு பக்கத்துத் தீர்மானம் எதிர்ப்பக்கத்தில்
இடம் வலம் மாறிப் பதிந்திருக்கும்.
நாய் வரி விதிக்கப்பட்டது. நாய் வரி நீக்கப்பட்டது.
எது முதலில் என்று தெரியவில்லை.

1927, சொத்துப் பட்டியல்:
நாற்காலி ஆறு, மேசை இரண்டு, கொடி ஒன்று,
வாளி முப்பத்தொன்று.

வாளிகளுக்குப் பொறுப்பு செனோபியா ஒயார்சோ.
எந்த ஒழுக்கு எந்தக் காற்றுக்கு விழிக்கும் என்று
அவளுக்குத் தெரியும்.
வரி கட்ட வந்தவரிடம் "இரண்டடி தள்ளி நில்லுங்கள்" என்பாள்.
அவர் நகர்வார்.
நின்ற இடத்தில் சொட்டும்.
பிறப்புப் பதிவேட்டை மட்டும்
தன் கம்பளிச் சால்வைக்குள் வைத்திருந்தாள்.
அதனால் பிறந்தவர்கள் எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள்.
இறந்தவர்கள் கரைந்துவிட்டார்கள்.

1931இல் வடக்கிலிருந்து ஒரு கடிதம்:
"எங்கள் கட்டடத்தின் ஓரத்தில்
நீளமான தகர உறுப்பு ஒன்று இருக்கிறது.
பத்தொன்பது வருடமாக அதன் பயன் எங்களுக்குப் புரியவில்லை.
உங்களுடையதாக இருக்கலாம்.
சுரங்கத்தை மூடுகிறார்கள். அனுப்பி வைக்கிறோம்.
கப்பல் கூலி உங்கள் பொறுப்பு.
ஒப்பம், லாதிஸ்லாவோ கொப்பா,
செயலர், காவலாளி, தபால்காரர்."

வந்தது.
மொட்டைக் கூரையில் கால்வாயை எங்கே மாட்டுவது?
மூன்று கூட்டம் கூடி
முற்றத்தின் தெற்கு விளிம்பில் சாய்த்துக் கட்டினார்கள்.
வாளிகள் இருபத்தாறாகக் குறைந்தன.
கைதட்டல் என்று குறிப்பில் இருக்கிறது.

பிறகு, பூமி அசைந்த அந்த மே மாதம்.
சரிந்த கூரைகள் எல்லாம் வீடுகளுக்குள் இறங்கின.
நகராட்சியின் மேற்குச் சுவர் மண்டியிட்டது.
முற்றத்தின் மேலே விழுவதற்கு
எதுவும் இல்லை.
நூற்றிருபது பேர் பதினேழு நாள்
படகுப் பாய்க்கு அடியில்,
வாளிகளில் சமைத்து.
ஓய்வு பெற்ற செனோபியா வந்து எண்ணிப் பார்த்தாள்.
இரண்டு குறைகிறது என்று சண்டை போட்டாள்.

பாரியா எல்லாம் தெரிந்தேதான் கட்டினார் என்று
அதற்குப் பிறகு சொல்லத் தொடங்கினார்கள்.
எனக்கு அந்தப் பேச்சு ஆகாது.
மேற்குச் சுவருக்கு அடியில்
தட்டச்சர் செலின்டா வென்சுயான் இருந்தாள்.
வயது இருபத்திரண்டு.
அவள் பெயரைப் பிரித்தெடுக்க
எனக்கு ஒரு வாரம் ஆனது.

நெடுஞ்சாலையோரம் புது அலுவலகம் தயார்.
அதன் கூரையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.
போன மாதம் பழைய கால்வாயை இறக்கினார்கள்.
ஈயம் பூசிய மடிப்பு ஒன்றைக் கொல்லர் பிளந்தபோது
உள்ளே ஒரு கரண்டி மணல்.
செம்மணல்.
இந்தக் கட்டடத்தில்
நான் தொட்ட முதல் உலர்ந்த பொருள்.

உறையில் இட்டேன்.
சாந்தா ரோசெந்தாவில் இப்போது ஆள் இல்லை,
தபால் பெட்டி இல்லை.
முகவரி எழுதினேன்.
ஒட்டுவதற்கு முன்
இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.